தமிழில் எழுதுகிறவர்கள் டிஜிட்டல் பேனா வாங்கும் முன்

"காகிதத்தில் எழுதினால் போதும், கணினியில் தட்டச்சு செய்த எழுத்தாக வந்துவிடும்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு டிஜிட்டல் பேனா வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், கையால் எழுதியே பழகிய எழுத்தாளர்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். இந்தப் பேனாவை நம்பி இறங்கியதில் எனக்கு ஏறத்தாழ 49,000 ரூபாய் செலவானது. புத்தகமும் குறித்த நேரத்தில் வரவில்லை. வாங்கும் முன் யாரிடமாவது விசாரிக்கலாம் என்று தேடியபோது, ஆங்கிலத்தில் குறிப்பெடுப்பவர்களின் பாராட்டுகள்தான் கிடைத்தன. தமிழில் எழுதிப் பார்த்து "இது வரும், இது வராது" என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மடை திறக்கும் முறை, கலுங்கு வழியாக உபரி நீர் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற பழைய ஏற்பாடு, நீர்ப்பாய்ச்சிகளுக்குக் கொடுக்கப்பட்ட நெல் பங்கு போன்றவை பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓட விட்டால் அவர்கள் பேச்சு சுருங்கிவிடுகிறது. நிலத் தகராறு, ஊர்ப் பகை எல்லாம் அந்தப் பேச்சில் கலந்து வரும் என்பதால் அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு. நோட்டும் பேனாவும் எடுத்தால் அப்படி இல்லை. "எழுதிக்கொள் தாயி, இதையெல்லாம் கேட்க இனி ஆள் வராது" என்று சொல்லி நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். அதனால் குறிப்புகள் முழுவதும் கையெழுத்தில்தான். அவற்றைத் திரும்பத் தட்டச்சு செய்வதுதான் உயிரை எடுக்கும் வேலை. மணிக்கட்டில் வலி வந்து மருத்துவர் தட்டச்சைக் குறைக்கச் சொன்ன சமயத்தில்தான் டிஜிட்டல் பேனா கண்ணில் பட்டது.

பேனாவின் விலை 18,500 ரூபாய். வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து வரவழைத்ததால் சுங்க வரியும் கூரியர் கட்டணமும் சேர்ந்து 6,800 ஆனது. அதற்கென்றே அச்சிட்ட நோட்டுப் புத்தகங்களுக்கு 4,200. இப்படி வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் இணையத்தில் தெரியும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பொருள் வாசலுக்கு வந்த பிறகுதான் வரிக் கணக்கு முழுதாகத் தெரிகிறது. கட்டாவிட்டால் பெட்டி கைக்கு வராது. திருப்பி அனுப்பும் செலவை யார் ஏற்பது என்பதையும் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் அது வாங்குகிறவர் தலையில்தான் என்று பிறகு தெரிந்தது.

முதல் நாள் மாலை உண்டான மகிழ்ச்சியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோட்டில் ஒரு கோடு இழுத்தால் அதே கோடு கைப்பேசித் திரையில் ஊர்ந்து வந்தது. கண்மாயின் கரையை வளைத்து வரைந்தால் அதே வளைவு அங்கேயும் வந்தது. இதன் பின்னால் இருக்கும் நுட்பம் உண்மையாகவே அழகானது. சுவீடன் நாட்டில் லுண்ட் நகரில் தொடங்கிய அனோட்டோ நிறுவனம் உருவாக்கிய முறை இவ்வகைப் பேனாக்களில் புகழ்பெற்றது. காகிதம் முழுக்கக் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரியும் அளவுக்கு நுண்ணிய புள்ளிகள் அச்சிடப்பட்டிருக்கும். ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளியையும் அதன் இடத்திலிருந்து மேலே, கீழே, இடம், வலம் என்று ஏதாவது ஒரு பக்கம் சற்றே நகர்த்தி வைத்திருப்பார்கள். ஆறுக்கு ஆறு என்று 36 புள்ளிகளைப் பார்த்தாலே, எந்த நோட்டில் எந்தப் பக்கத்தில் எந்த இடம் என்று சொல்லிவிடலாம். பேனா முனைக்கு அருகில் இருக்கும் சின்னஞ்சிறு அகச்சிவப்புக் கேமரா நொடிக்குப் பல பத்துப் படங்களை எடுத்து இந்தப் புள்ளிகளைப் படிக்கிறது. முனை நகர்ந்த பாதை அப்படியே நேரக் குறிப்போடு பதிவாகிறது. அமெரிக்காவின் லைவ்ஸ்கிரைப் 2008இல் கொண்டுவந்த பல்ஸ் பேனா இந்த முறையில்தான் இயங்கியது. தென்கொரியாவின் நியோ ஸ்மார்ட்பென் தனக்கென்று வேறொரு புள்ளி அமைப்பை வைத்திருக்கிறது.

கவனித்தீர்களா, இதுவரை சொன்னதில் எழுத்து என்ற பேச்சே வரவில்லை. பேனாவின் வேலை கோட்டைப் பதிவு செய்வதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கோடு "ம" என்றும் அடுத்தது "டை" என்றும் கண்டுபிடிப்பது முற்றிலும் வேறு வேலை; அதைச் செய்வது கைப்பேசியில் இருக்கும் செயலிக்குள் ஓடும் அடையாள மென்பொருள். பெரும்பாலும் அது பேனா நிறுவனத்தின் சொந்தச் சரக்காகவும் இருக்காது. பிரான்சின் நாந்த் நகரில் இருக்கும் மைஸ்கிரிப்ட் போன்ற நிறுவனங்களின் மென்பொருளை உரிமம் பெற்றுப் பயன்படுத்துகிறார்கள். விற்பனைப் பக்கத்தில் இந்த இரண்டு வேலைகளும் ஒன்றாகவே காட்டப்படுகின்றன. எந்த மொழியில் எழுதினாலும் கோடு பதிவாகும் என்பதால் "எல்லா மொழிகளிலும் எழுதலாம்" என்று அவர்கள் எழுதுவது பொய்யாகாது. எழுத்தாக மாற்றும் மொழிகளின் பட்டியல் தனியாக எங்கோ இருக்கிறது. நான் வாங்கிய பேனாவின் செயலியில் "எழுத்தாக மாற்று" என்ற பொத்தானை அழுத்தினால் மொழிப் பட்டியல் விரிந்தது. அதில் தமிழ் இல்லை.

அந்த நிமிடம் வயிறு கலங்கியது. செயலியின் பழைய பதிப்பாக இருக்கலாம், அமைப்புகளில் நாட்டை மாற்றினால் வரலாம், மொழிக்கோப்பைத் தனியாகத் தரவிறக்க வேண்டியிருக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் துழாவியதில் வாரங்கள் ஓடின. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பணிவான பதில்கள் வந்தன. "உங்கள் கோரிக்கையை உரிய குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்பதைத் தவிர அவற்றில் ஒன்றும் இல்லை. பொருளைத் திருப்ப அனுமதித்த காலமும் இதற்குள் கடந்துவிட்டது. ஆகவே பேனா வந்த அன்றே, பெட்டியின் உறைகளைக்கூடத் தூக்கிப் போடாமல், ஒரு பக்கம் முழுக்கத் தமிழில் எழுதி மாற்றிப் பாருங்கள். அதைவிட நல்ல வழியும் இருக்கிறது. இந்தச் செயலிகள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். பேனாவுக்குப் பணம் கட்டும் முன் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, அமைப்புகளில் மாற்றும் மொழிகளின் பட்டியலைத் திறந்து பார்த்துவிடலாம்.

தமிழைச் சேர்ப்பது ஏன் இவ்வளவு கடினம் என்று படித்துப் பார்த்ததில் கோபம் ஓரளவு தணிந்தது. கணினி நாம் எழுதும் வரிசையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நாமோ "கண்மாய்" என்று எழுதும்போது மொத்தச் சொல்லையும் எழுதி முடித்துவிட்டுத் திரும்பி வந்து புள்ளி வைக்கிறோம். அந்தப் புள்ளி எந்த எழுத்துக்கு உரியது என்று மென்பொருள் ஊகிக்க வேண்டும். சற்றுத் தள்ளி விழுந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும், பக்கத்து எழுத்து மெய்யாகிவிடும். "கொ" எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். அந்தக் காலும் "ர"வும் வேகமான கையெழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். "கௌ" என்பதும் "கெள" என்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். தமிழுக்காக உழைத்தவர்கள் இல்லாமல் இல்லை. பெங்களூரில் இருந்த எச்பி ஆய்வகம் தமிழ்க் கையெழுத்து மாதிரிகளைத் திரட்டிப் பொதுவில் வைத்தது. 2006இல் அதை வைத்து நடந்த பன்னாட்டுப் போட்டியில் 156 குறியீடுகளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 247 எழுத்துகளையும் இந்த 156 குறியீடுகளைக் கொண்டே எழுதிவிடலாம். 2015இல் கூகுள் கையெழுத்து உள்ளீட்டுச் செயலியை வெளியிட்டபோது அது ஏற்றுக்கொண்ட 82 மொழிகளில் தமிழும் இருந்தது. தமிழ்க் கையெழுத்தைக் கணினி படிக்கவே படிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிக்கும் மென்பொருள் இருக்கிறது. விற்கப்படும் பேனாவோடு அது இணைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மாற்றுவது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எழுதுவதையாவது விடாமல் பேனாவில் எழுதுவோம் என்று களப்பணியைத் தொடர்ந்தேன். அங்கே வந்த தொல்லைகள் வேறு. புள்ளி அச்சிட்ட நோட்டு தீர்ந்துவிட்டால் இந்தப் பேனா சாதாரணப் பேனாதான்; வீட்டில் இருக்கும் நோட்டில் எழுதினால் ஒரு கோடுகூடப் பதிவாகாது. நோட்டு மறுபடி வரவழைக்க வரியோடு 5,500 ஆனது. சில நிறுவனங்கள் புள்ளித் தாளை நாமே அச்சிட்டுக்கொள்ளக் கோப்பு தருகின்றன. அதை லேசர் பிரிண்டரில்தான் எடுக்க வேண்டும். லேசரின் கறுப்புத் தூளில் கரி இருப்பதால் அகச்சிவப்பு ஒளியில் புள்ளிகள் தெரியும். பல இங்க்ஜெட் மைகள் அந்த ஒளியில் மறைந்துவிடும். கண்ணுக்குத் தாள் சரியாக இருக்கும், பேனாவுக்கு வெற்றுத் தாள்.

இதே காரணத்தால்தான் ரீஃபில் விஷயத்திலும் அடிபட்டேன். பேனாவோடு வந்த ரீஃபில் தீர்ந்ததும், ஊர்க் கடையில் அதே அளவில் கிடைத்த கறுப்பு ரீஃபிலைப் போட்டேன். இவ்வகைப் பேனாக்கள் பலவற்றில் பொருந்துவது டி1 என்ற குட்டை ரீஃபில். பல நிறம் எழுதும் பேனாக்களுக்குள் இருக்குமே, அதே அளவு. எழுதும்போது ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், அடித்துத் திருத்திய இடங்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய இடங்களிலும் கோடுகள் அறுந்து கிடந்தன. மையில் கரி கலந்திருந்தால் அது அடியிலுள்ள புள்ளிகளை மூடிவிடுகிறது. கரி இல்லாத மை என்று உறுதியாகத் தெரிந்த ரீஃபிலை முதலிலேயே கூடுதலாக வாங்கி வையுங்கள். உள்ளே பதித்த பேட்டரியைக் கழற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது தளர்ந்தால் பேனாவே தளர்ந்தது போலத்தான்.

என்னை உண்மையாகவே அச்சப்படுத்தியது இதற்குப் பிறகு வந்தது. செயலியைப் பயன்படுத்தக் கணக்கு தொடங்கச் சொல்லியிருந்தார்கள். பக்கங்கள் எல்லாம் அவர்களுடைய சேமிப்பகத்தில் ஏறிக்கொண்டிருந்தன. பழைய செயலியை நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாறப் போவதாகத் திடீரென்று ஒரு அறிவிப்பு வந்தது. பழைய பக்கங்களைப் பிடிஎஃப் ஆக மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும் என்றார்கள். பிடிஎஃப் ஆக எடுத்தால் பக்கத்தின் தோற்றம் மட்டும்தான் மிஞ்சும். எந்தக் கோட்டை எந்த வரிசையில் எந்த வேகத்தில் எழுதினோம் என்ற தகவல் போய்விடும். நாளைக்கு நல்ல தமிழ் அடையாள மென்பொருள் வந்தால் அதற்குப் பெரிதும் உதவக்கூடிய தகவல் அதுதான். இப்படிப்பட்ட கோடுகளைச் சேமிப்பதற்கென்றே, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2011இல் இங்க்எம்எல் என்ற வடிவத்தைப் பொதுத் தரமாக அறிவித்தது. வாங்கப் போகும் பேனா இங்க்எம்எல் அல்லது அதற்கு இணையான வடிவத்தில் கோடுகளைத் தருமா என்று கேளுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. என்னை நம்பிப் பேசிய பெரியவர்களின் ஊர்ச் சண்டைகளும் பெயர்களும் முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் கணினியில் இருப்பது எனக்கு உறுத்தியது. கணக்கு இல்லாமல், இணையத்தில் ஏற்றாமல், கைப்பேசிக்குள் மட்டும் சேமிக்கும் வசதி இல்லாத பேனாவைக் களப்பணிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

பிடிஎஃப் பக்கங்களைப் படமாக மாற்றி, கூகுள் டிரைவில் ஏற்றி, ஆவணமாகத் திறந்து எழுத்தாக மாற்றிப் பார்த்தேன். நிதானமாக, எழுத்துகளை இடைவெளி விட்டு எழுதிய பக்கங்கள் ஓரளவு தேறின. பெரியவர்கள் வேகமாகப் பேசும்போது கிறுக்கிய பக்கங்கள் குலைந்துபோயின. தவறாக வந்த சொற்கள் தவறு என்றே தெரியாமல் இருந்ததுதான் பெரிய ஆபத்து. அடையாள மென்பொருள் தனக்குப் பழக்கமான சொற்களின் பக்கம் சாயும். "மறுகால்" என்று எழுதியது "மறுநாள்" ஆனது. "கலுங்கு" "கலங்கு" ஆனது. "மடை திறந்தார்கள்" என்பது "கடை திறந்தார்கள்" ஆனது. மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்கள். எழுத்துப்பிழை திருத்தி கோடு போட்டுக் காட்டாது. வாக்கியமும் பொருள் தருவதுபோலவே நிற்கும். வட்டாரச் சொல்லே உயிரான ஒரு நூலில் அந்தச் சொற்களே காணாமல் போவதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஒவ்வொரு வரியையும் நோட்டோடு ஒப்பிட்டுத் திருத்த ஆன நேரம், புதிதாகத் தட்டச்சு செய்யும் நேரத்தைவிடக் கூடுதல்.

கடைசியில் பதிப்பகம் கொடுத்த கெடு நெருங்கியதும், ஊரில் தட்டச்சு செய்து தரும் ஒரு பெண்ணிடம் நோட்டுகளை எடுத்துப் போனேன். அவசர வேலை என்பதால் 14,000 ஆனது. அவர் கண்மாய்க்கரை ஊரில் பிறந்தவர். "கலுங்கு" என்ற சொல்லைத் தயங்காமல் படித்தார். நான் தப்பாக எழுதியிருந்த ஒரு மடையின் பெயரையும் திருத்திக் கொடுத்தார். அப்படியும் புத்தகக் காட்சிக்குள் அச்சேற முடியவில்லை. அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. பதிப்பகத்தில் கோபப்படவில்லை என்றாலும், நூலில் வர வேண்டிய ஒரு பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் கையில் புத்தகத்தைக் கொடுக்க முடியாமல் போனது இன்றும் ஆறவில்லை.

இப்போது நான் செய்வது இது. களத்தில் சாதாரண நோட்டு, சாதாரணப் பேனா. வீட்டுக்கு வந்ததும் அன்றைய குறிப்பை அன்றே வாய்விட்டுப் படித்து, கைப்பேசியின் குரல் தட்டச்சில் ஏற்றிவிடுகிறேன். நினைவு சூடாக இருக்கும்போதே செய்வதால் கிறுக்கல்கூடப் புரிகிறது. மணிக்கட்டுக்கும் வேலை இல்லை. குரல் தட்டச்சும் வட்டாரச் சொற்களில் தடுமாறுகிறது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் கண்ணெதிரே வருவதால் பிழையை உடனே பிடித்துவிடலாம். வாய்விட்டுப் பேச முடியாத இடங்களில், கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழுக்குக் கையெழுத்து முறையைத் தேர்ந்துகொண்டு திரையிலேயே விரலாலோ தொடுபேனாவாலோ எழுதுகிறேன். சொல் சொல்லாக எழுதியவுடனே எழுத்தாக மாறுகிறது. மேலே வரும் பரிந்துரைகளில் சரியானதைத் தொட்டால் போதும். தொடுபேனாவோடு ஒரு சாதாரண டேப்லெட் இருந்தால் இன்னும் வசதி. நீளமான பக்கத்துக்கு இது மெதுவானதுதான், ஆனாலும் தமிழ் தெரிந்த கருவி. பதிப்பகத்துக்கு அனுப்பும்போது யூனிகோடில் வேண்டுமா, அவர்களுடைய பழைய எழுத்துருக் குறியீட்டில் வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். இந்த வழிகளில் வரும் எழுத்து யூனிகோடாகவே இருக்கும். பழைய குறியீட்டில் பக்கம் கட்டுகிறவர்களுக்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றி ஒன்று தேவைப்படும்.

டிஜிட்டல் பேனா யாருக்கும் உதவாது என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் வகுப்புக் குறிப்பு எடுக்கும் மாணவருக்கு, எழுத்தோடு ஒலியையும் சேர்த்துப் பதியும் பேனா மிகவும் பயன்படும். எழுதிய சொல்லைத் தொட்டால் அந்த நேரத்தில் ஆசிரியர் பேசியது கேட்கும். நோட்டுக்கு அடியில் பலகை வைத்து எழுதும் வகையும் உண்டு. வாக்கோம் 2016இல் கொண்டுவந்த பாம்பூ ஸ்லேட் அப்படிப்பட்டது. அதற்குப் புள்ளித் தாள் தேவையில்லை, எந்தத் தாளையும் பலகை மேல் வைக்கலாம். எதை வாங்கினாலும் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் முதன்மையானது: தமிழ்க் கையெழுத்துப் பக்கம் ஒன்றை உங்கள் செயலியில் எழுத்தாக மாற்றி, அந்தக் காணொளியை அனுப்ப முடியுமா? உங்கள் துறைச் சொற்கள் கொண்ட ஒரு பத்தியை நீங்களே எழுதி அனுப்பி, அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அனுப்பாவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்.

என் பேனாவை விற்கவில்லை. கண்மாயின் கரை, மடைகளின் இடம், வாய்க்கால் பிரியும் திசை ஆகியவற்றைப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல வரைவதற்கு அதுவே கைக்கு வாகாக இருக்கிறது. கோடுகள் நேரே கணினிக்கு வந்துவிடுவதால் வரைபடத்தை மறுபடி வரைய வேண்டியதில்லை. வரைபடத்துக்காக மட்டும் வாங்குகிறவர்கள் மொழிப் பட்டியலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்; கோடுகளைக் கோடுகளாகவே வைத்திருக்கும் எஸ்விஜி போன்ற வடிவத்தில் வெளியே எடுக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர்களை நான் அந்தப் படங்களில் எழுதுவதில்லை. எண் மட்டும் போட்டு, எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியலைச் சாதாரண நோட்டில் வைத்துக்கொள்கிறேன்.